குளிர்கால வாசனை மெழுகுவர்த்தி: மணம் வராதபோதும், இரண்டு மணம் ஒட்டாதபோதும் என்ன செய்வது?

டொரண்டோவில் நவம்பரில் சாத்தும் ஜன்னலை ஏப்ரலில்தான் மனதாரத் திறக்கிறோம். இடைப்பட்ட மாதங்களில் வீட்டுக்குள் எது மணக்கிறதோ அதுதான் நாம் சுவாசிக்கும் காற்று. குளிர்நாடுகளில் இலையுதிர் காலம் முடிவதற்குள்ளேயே வாசனை மெழுகுவர்த்திகள் கடையின் முன்வரிசைக்கு வந்துவிடுவது இதனால்தான். ஊசியிலை மரம், பட்டை, கிராம்பு, ஆரஞ்சு, வெனிலா, சந்தனம், விறகுப்புகை என்று விதவிதமாக அடுக்கியிருப்பார்கள். ஆசையாக வாங்கி வந்து நான்கு நாள் ஏற்றிவிட்டு, "மணமே வரலை, காசு வீண்" என்று அலமாரியில் தள்ளிவிடுபவர்கள் நிறையப் பேர்.

பெரும்பாலும் குறை மெழுகுவர்த்தியில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். மணத்தின் பெரும்பகுதி சுடரிலிருந்து வருவதில்லை. சுடரைச் சுற்றி உருகி நிற்கிறதே மெழுகுக் குளம், அதன் மேற்பரப்பிலிருந்துதான் வாசனை எண்ணெய் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பிரச்சினைகளில் பாதி தானாகவே விளங்கிவிடும். சோதிக்கும்போது முதலில் குளத்தைப் பாருங்கள், அடுத்து அறையை, அப்புறம் மூக்கை. ஜோடிப் பொருத்தம் பார்ப்பது கடைசி வேலை. முதல் மூன்றும் சரியில்லாதபோது எந்த இரண்டைச் சேர்த்தாலும் ஒட்டாது.

மூடியைத் திறந்தால் மணக்கிறது, ஏற்றினால் ஒன்றுமே இல்லை

அதிகம் கேட்கும் புகார் இதுதான். ஏற்றி எவ்வளவு நேரம் ஆகிறது என்று முதலில் பாருங்கள். குளம் ஜாடியின் ஓரம் வரை விரிய, விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும். மூன்று அங்குல ஜாடி என்றால் மூன்று மணி நேரம். சாப்பிட உட்காரும்போது ஏற்றி, கை கழுவும்போது அணைத்தால் மணம் கிளம்பவே நேரம் இருந்திருக்காது. விருந்தாளிகள் ஏழு மணிக்கு வருகிறார்கள் என்றால் ஐந்துக்கே ஏற்றிவிடுங்கள். அதற்காக நாள் முழுக்க எரிய விடவும் கூடாது, ஒரேயடியாக நான்கு மணி நேரம்தான் எல்லை. அதற்கு மேல் போனால் திரியில் கரி சேர்ந்து சுடர் பெரிதாகும், கண்ணாடியும் அதிகமாகச் சூடாகும்.

குளம் ஓரம் வரை விரிந்தும் மணம் இல்லையென்றால், அறையைப் பாருங்கள். எட்டு அவுன்ஸ், அதாவது 225 கிராம் அளவிலான ஒற்றைத் திரி ஜாடி ஒரு படுக்கையறைக்குப் போதும். சமையலறையும் கூடமும் ஒன்றாகத் திறந்து கிடக்கும் வீட்டில் அது காணாமல் போய்விடும். அங்கே மூன்று திரி ஜாடி வேண்டும், இல்லையென்றால் ஒரே மணத்தில் சிறியதாக இரண்டு வாங்கி எதிரெதிர் மூலையில் வையுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. ஒரு பக்கம் மட்டும் கனமாக மணக்காமல் அறை முழுக்கச் சீராக இருக்கும்.

வைக்கிற இடமும் முக்கியம். இங்கே பெரும்பாலான வீடுகளில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் என்ற உலை சூடான காற்றைக் குழாய் வழியாக ஊதுகிறது. காற்றைத் திரும்ப உள்ளிழுக்கும் கம்பித்தட்டி சுவரில் இருக்கும். அதன் அருகே மெழுகுவர்த்தியை வைத்தால் மணத்தை அது இழுத்துக்கொண்டு போய், வீடு முழுக்கத் தண்ணீர் விட்ட மோர் போலப் பரப்பிவிடும். சூடான காற்று வரும் வாயின் மேலேயும் வேண்டாம், சுடர் ஆடிக்கொண்டே இருக்கும். ஜன்னல் திட்டு பார்க்க அழகுதான், ஆனால் கண்ணாடி ஓரத்துக் குளிரில் அந்தப் பக்க மெழுகு உருகாமல் நின்றுவிடும். திரைச்சீலையும் அங்கேதான் தொங்குகிறது.

தபாலில் வாங்கினீர்களா? மைனஸ் பதினைந்து டிகிரியில் வாசற்படியில் கிடந்த பெட்டியை உள்ளே கொண்டுவந்த கையோடு பற்றவைக்காதீர்கள். ஒரு நாள் அறை வெப்பத்தில் இருக்கட்டும். உறைந்த மெழுகு சீராக உருகாது, கண்ணாடியும் சட்டென்று சூடேறுவதைத் தாங்காது.

கடைசியாக மூக்கு. ஒரே மணத்தில் உட்கார்ந்திருந்தால் கால்மணி, அரைமணி நேரத்துக்குள் மூக்கு அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். மணம் அறையில் இருக்கும், உங்களுக்கு மட்டும் தெரியாது. கீழே போய்த் தபால்பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள், கதவைத் திறந்ததும் உண்மை தெரிந்துவிடும். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு மூக்கின் உள்சவ்வும் காய்ந்துபோகிறது, அப்போதும் மணம் மங்கும். வீட்டின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. சின்ன ஈரப்பத மானி ஒன்று வாங்கி வைத்தால் இதற்கு மட்டுமல்ல, தொண்டை வறட்சிக்கும் உதவும்.

கோவிட் பரவிய 2020-ஆம் ஆண்டில், இணையக் கடைகளில் வாசனை மெழுகுவர்த்திகளுக்கு "மணமே இல்லை" என்ற விமர்சனங்கள் கூடுவதைப் பலர் கவனித்தார்கள். பொருள் மாறவில்லை, வாங்கியவர்களில் பலருக்கு மணவுணர்வு போயிருக்கலாம் என்று அப்போது பேசப்பட்டது. ஆகவே சளி, காய்ச்சலுக்குப் பிறகு எதுவும் மணக்கவில்லை என்றால், பெருங்காய டப்பாவையும் காப்பித்தூளையும் முகர்ந்து பாருங்கள். அவையும் தெரியவில்லை என்றால் இது மெழுகுவர்த்திப் பிரச்சினை அல்ல, மருத்துவரிடம் கேட்க வேண்டியது.

வீட்டில் ஒருவருக்கு மணக்கிறது, இன்னொருவருக்கு மணக்கவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். சில வகைக் கஸ்தூரி வாசனைகள், அதாவது மஸ்க், சிலருடைய மூக்குக்கு எட்டுவதே இல்லை. பிறவியிலேயே அப்படி. மஸ்க் இல்லாத வேறு ஒன்றை எடுங்கள், சண்டை வேண்டாம்.

நடுவில் மட்டும் குழி விழுகிறது, ஓரத்து மெழுகு அப்படியே நிற்கிறது

முதல் தடவை சீக்கிரம் அணைத்ததன் விளைவு இது. முதல் முறை எவ்வளவு தூரம் உருகியதோ, அடுத்தடுத்த முறையும் அந்த வட்டத்துக்குள்ளேயே உருக முனையும். குழி ஆழமாகும், குளம் சின்னதாகவே இருக்கும், மணமும் குறைந்துவிடும். பாதி மெழுகு ஓரத்தில் வீணாக ஒட்டியிருக்கும்.

சரிசெய்ய அலுமினியத் தாள் போதும். ஒரு அடி நீளம் கிழித்து, இரண்டாக மடித்து, ஜாடியின் வாயைச் சுற்றிப் பட்டைபோல் அழுத்துங்கள். மேல்விளிம்பை உள்பக்கமாகக் கூரைபோல் மடக்கி, நடுவில் இங்கத்து இரண்டு டாலர் நாணயம் (சுமார் 28 மில்லிமீட்டர் அகலம்) விழும் அளவுக்கு வட்டத் துளை விடுங்கள். சுடருக்குக் காற்று வேண்டும், துளையைச் சின்னதாக்கினால் மூச்சு முட்டி அணையும். பற்றவைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். கொஞ்ச நேரத்தில் ஓரத்து மெழுகு மங்கலான வெள்ளையிலிருந்து கண்ணாடிபோல் தெளிந்து, சுவரைவிட்டு வழுக்கிக் குளத்தில் இறங்குவதைத் துளை வழியாகவே பார்க்கலாம். ஒன்று, இரண்டு மணி நேரத்தில் மேற்பரப்பு சமமாகிவிடும். தாளை எடுக்கும்போது அடுப்புத்துணி பயன்படுத்துங்கள், நன்றாகச் சுடும்.

குழி ரொம்ப ஆழம் என்றால் தலைமுடி உலர்த்தியால் ஓரங்களை மேலிருந்து உருக்கி இறக்குங்கள். அப்போது திரி மூழ்கினால், உருகிய மெழுகைக் கொஞ்சம் ஒரு பழைய காகிதக் கோப்பையில் வடித்துவிடுங்கள். வடித்ததைத் தூக்கிப் போட வேண்டாம், கடைசியில் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது.

சுடர் சின்னதாகத் துவண்டு அணைந்துவிடுகிறது

திரியை மிகக் குட்டையாக வெட்டிவிட்டீர்கள், அல்லது அது மெழுகில் மூழ்குகிறது. பருத்தித் திரிக்கு ஆறு மில்லிமீட்டர், கால் அங்குலம், சரியான உயரம். மூழ்கியிருந்தால் மேலே நிற்கும் மெழுகை வடித்து, திரி தலைகாட்டியபின் ஏற்றுங்கள்.

மரத் திரிக்குக் கணக்கு வேறு. படபடவென்று விறகு எரியும் சத்தத்துக்காகவே குளிர்காலத்தில் அதை விரும்பி வாங்குகிறார்கள். மூன்று மில்லிமீட்டர் உயரம் போதும். எரிந்து கருத்த பகுதியை விரலால் கிள்ளி எடுத்துவிட வேண்டும், கரி இருந்தால் மெழுகு மேலே ஏறாது. பற்றவைக்கும்போது ஜாடியைக் கொஞ்சம் சாய்த்து, திரியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தீயை நகர்த்துங்கள்.

கண்ணாடி கருக்கிறது, புகை வருகிறது, திரி நுனியில் காளான்போல் கரிக்கட்டி

திரி உறிஞ்சும் மெழுகு சுடரில் முழுதாக எரியவில்லை என்று அர்த்தம். பாரஃபின் மெழுகு மட்டும்தான் கரி விடும், சோயா விடாது என்று சொல்வதை நம்ப வேண்டாம். நீளமான திரியும் காற்றோட்டமும் சேர்ந்தால் எந்த மெழுகும் கரி விடும். ஒவ்வொரு முறை ஏற்றுவதற்கு முன்பும், மெழுகு ஆறி இறுகியிருக்கும்போது காளானை வெட்டுங்கள். வெட்டிய துணுக்கு மெழுகில் விழுந்தால் எடுத்துவிடுங்கள், அது இரண்டாவது திரிபோல் பற்றிக்கொள்ளும். சுடர் ஆடிக்கொண்டே இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

ஊதி அணைத்தவுடன் வரும் கருகல் நாற்றம்தான் பலருக்குக் கடைசியாக மூக்கில் நிற்கும் மணம். இவ்வளவு நேரம் கட்டிக்காத்த வாசனையைக் கெடுப்பதும் அதுதான். ஊத வேண்டாம். ஒரு கம்பியால் திரியை மெழுகுக்குள் சாய்த்து அமுக்கி, உடனே நிமிர்த்திவிடுங்கள். புகையே வராது, திரியில் மெழுகு ஏறி அடுத்த முறை சட்டென்று பற்றவும் செய்யும். டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் வீட்டின் ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம் சட்டப்படி கட்டாயம், தாழ்ந்த கூரையுள்ள பேஸ்மென்ட்டில் அதன் நேர் கீழே ஊதி அணைத்தால் அலறும். அலறுகிறதே என்று பேட்டரியைக் கழற்றாதீர்கள், மெழுகுவர்த்தியை நகர்த்துங்கள். அமெரிக்காவில் மெழுகுவர்த்தியால் வரும் தீ விபத்துகள் டிசம்பரில்தான் உச்சம் தொடுகின்றன.

வெள்ளையாகப் பூத்திருக்கிறது, விரிசல், மேலே எண்ணெய்த் துளி, பழுப்பு நிறம்

இவை எல்லாமே தோற்றக் குறைகள். வெள்ளைப் பூ என்பது சோயா மெழுகு படிகமாவது. மெழுகு கண்ணாடியைவிட்டு விலகித் திட்டுத்திட்டாகத் தெரிவதும் விரிசலும் குளிரில் சுருங்கியதால் வருபவை. எண்ணெய்த் துளியைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு ஏற்றுங்கள். வெளிர் மெழுகு பழுப்பானால் உள்ளே வெனிலாவின் மணப்பொருளான வெனிலின் இருக்கிறது, மணம் கெடவில்லை.

தலைவலிக்கிறது, தும்மல் வருகிறது

அணையுங்கள், ஜன்னலை ஐந்து நிமிடம் திறங்கள். பட்டை, கிராம்பு, புதினா போன்ற காரமான வாசனைகள் ஒற்றைத்தலைவலியையும் ஆஸ்துமாவையும் தூண்டக்கூடும். "இயற்கை எண்ணெய்" என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். வாசனை எதுவும் சேர்க்காத தேன்மெழுகுவர்த்திக்கு மெல்லிய தேன்மணம் உண்டு, கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பூனை வளர்ப்பவர்கள் தேயிலை மர எண்ணெய், யூக்கலிப்டஸ், கிராம்பு எண்ணெய் கலந்தவற்றைத் தவிர்ப்பது நல்லது, பூனையின் கல்லீரலால் அவற்றைச் சரியாக முறிக்க முடியாது. கூண்டுப் பறவை இருக்கும் அறையில் எதையும் ஏற்ற வேண்டாம்.

கடையில் பிடித்தது, வீட்டில் பிடிக்கவில்லை

கடையில் நீங்கள் முகர்ந்தது குளிர்ந்த மெழுகின் மணம். அதில் முந்திக்கொண்டு வருவது ஆரஞ்சு, எலுமிச்சை, புதினா மாதிரி லேசான வாசனைகள். ஏற்றி ஒரு மணி நேரம் ஆனதும் அடியில் இருந்த வெனிலா, சந்தனம், பிசின், மரம் எல்லாம் எழுந்துவருகின்றன. அவற்றோடுதான் நீங்கள் மாலை முழுக்க இருக்கப்போகிறீர்கள். ஆகையால் பெயரைப் பார்த்து வாங்காமல், பின்பக்கம் எழுதியிருக்கும் மணப்பட்டியலில் கடைசியாக வருபவற்றைப் படியுங்கள். "முதல் பனி", "கம்பளிப் போர்வை" என்ற பெயர்கள் மணத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆம்பர் என்று இருந்தால் அது தனி ஒரு பொருளின் மணம் அல்ல, லாப்டானம் என்ற பிசினும் வெனிலாவும் பென்சாயினும் சேர்ந்த கலவை. பென்சாயின் நம் சாம்பிராணிப் புகையில் இருக்கும் இனிப்பு. அந்தச் சொல் பட்டியலில் இருந்தால் நம் மூக்குக்குப் பெரும்பாலும் பிடித்துப்போகும்.

ஜாடிக்குள் மூக்கை விடாமல் மூடியின் உள்பக்கத்தை முகருங்கள். ஒரு தடவைக்கு மூன்று, நான்குக்கு மேல் வேண்டாம். நடுநடுவே காப்பிக்கொட்டை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்பார்கள், அதற்குத் தேவையில்லை. கடைக்கு வெளியே வந்து குளிர்காற்றை இரண்டு முறை இழுத்தாலே போதும்.

இரண்டை ஏற்றினால் ஒன்றுதான் தெரிகிறது

இனி ஜோடிகளுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பட்டை, கிராம்பு, புதினா, விறகுப்புகை இந்த நான்கும் பக்கத்தில் யாரையும் பேச விடாதவை. இவற்றில் எதையும் இணையான அளவில் வைக்கக் கூடாது. காரமானது சின்ன ஜாடியில், சாதுவானது பெரிய ஜாடியில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவென்றால் சாதுவானதை ஒரு மணி நேரம் முன்னால் ஏற்றி, அதன் குளம் விரிந்தபின் காரமானதை ஏற்றுங்கள். அரைமணியில் காரமானதை அணைத்தாலும் நஷ்டமில்லை, அதன் மணம் தங்கும்.

பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைக்கவும் கூடாது. மூன்று அங்குலமாவது இடைவெளி இல்லையென்றால் ஒன்றின் சூடு மற்றொன்றை உருக்கிச் சாய்க்கும், சுடர்கள் தமக்குள்ளேயே காற்றோட்டம் உண்டாக்கி ஆடும். மணம் கலப்பதற்கு ஐந்தாறு அடி தள்ளி வைப்பது இன்னும் நல்லது. நடந்து போகும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மணம் மாறும், நடு அறையில் மூன்றாவது மணம் ஒன்று பிறக்கும்.

தரை துடைக்கும் திரவம்போல் மணக்கிறது

ஊசியிலை மரத்தோடு எலுமிச்சையைச் சேர்த்திருப்பீர்கள். பைன் எண்ணெயும் எலுமிச்சையும் துப்புரவுத் திரவங்களில் காலங்காலமாகச் சேர்ந்தே வருவதால், மூளை வேறு எதையும் நினைக்காது. எலுமிச்சையை எடுத்துவிட்டு ஆரஞ்சு அல்லது மாண்டரின் வையுங்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் ஆரஞ்சின் இனிப்பு சேர்ந்தால் அது அப்போதுதான் வெட்டிய மரம்போல் மணக்கும்.

இந்த ஊசியிலை வாசனைகளில் பால்சம் ஃபர் எனக்கு முதலிடம். கனடாவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் வளரும் மரம், கிறிஸ்துமஸ் மரமாக வீடுகளுக்கு வருவது. அதன் மரப்பட்டையில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்கும், குத்தினால் பிசின் வடியும். கண்ணாடிபோல் தெளிவாக உறைவதால் அதை நுண்ணோக்கிச் சில்லுகளை ஒட்டவும் லென்ஸுகளைச் சேர்க்கவும் நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். அதன் மணத்தில் லேசான பழ இனிப்பு இருக்கிறது. பைனைவிட மற்ற வாசனைகளோடு சுலபமாக ஒத்துப்போவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

தைலம்போல் மணக்கிறது

யூக்கலிப்டஸும் புதினாவும் சேர்ந்தால் நம் வீடுகளில் ஒரே ஒரு ஞாபகம்தான் வரும். வெள்ளைக்காரர்களுக்கு அது "பனிக்காட்டுக் காற்று". நம் சித்தி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்னம்மா, யாருக்குச் சளி?" என்று கேட்பார். மென்தால், கற்பூரம், யூக்கலிப்டஸ் மூன்றும் வலித்தைலங்களின் அடிப்படை, நம் மூக்கு அவற்றைப் பார்த்துப் பழகியது நோய்ப் படுக்கையில். இதைக் குறையாக நினைக்க வேண்டாம், உங்கள் மூக்குக்கு எது என்னவாகப் பதிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஜோடி சேர்த்தால் போதும். புதினாவைப் பிரித்து வெனிலாவோடு வையுங்கள். மிட்டாய்க்கடை வாசனையாகிவிடும், குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். யூக்கலிப்டஸைக் குளியலறைக்கு அனுப்புங்கள்.

கிராம்பு தனியாக எரிந்தால் பல் மருத்துவமனை நினைவுக்கு வருவதும் இதே கதைதான். கிராம்பின் முக்கிய மணப்பொருளான யூஜினாலைப் பல் மருத்துவர்கள் தற்காலிகப் பல் அடைப்பில் கலக்கிறார்கள். அதனோடு ஆரஞ்சு சேர்ந்த நொடியில் அந்த நினைவு மறையும். ஐரோப்பாவில் ஆரஞ்சுப் பழத்தில் கிராம்பைக் குத்திக் கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிடும் பழக்கம் பழையது. இந்த ஜோடியைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, எடுத்துக்கொள்ளலாம்.

திகட்டுகிறது

இரண்டும் தின்பண்டம். இஞ்சி ரொட்டியும் வெனிலாக் கேக்கும் ஒன்றாக எரிந்தால் பேக்கரி அடுப்புக்குள் உட்கார்ந்ததுபோல் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு அங்கே மரமோ புகையோ வையுங்கள். வெனிலாவோடு சிடார், இஞ்சி ரொட்டியோடு பால்சம் ஃபர், கேரமலோடு விறகுப்புகை. வெனிலாவுக்கும் ஊசியிலை மரத்துக்கும் ஓர் உறவு உண்டு. வெனிலாவின் மணப்பொருளான வெனிலினை 1874-இல் ஜெர்மனியில் முதன்முதலாகச் செயற்கையாகத் தயாரித்தபோது, அதற்கு மூலமாக எடுத்தது ஊசியிலை மரங்களின் சாற்றில் கிடைக்கும் கோனிஃபெரின். இரண்டையும் சேர்த்து ஏற்றும்போது எனக்கு அது நினைவுக்கு வரும்.

எதுவென்றே புரியாத கலங்கல் மணம்

மூன்றோ நான்கோ ஏற்றியிருக்கிறீர்கள், அல்லது ஒவ்வொன்றும் ஏற்கெனவே பத்து வாசனை கலந்த கலவை. ஒன்று கலவையாக இருந்தால் மற்றொன்று ஒற்றை மணமாக இருக்கட்டும். வெறும் சந்தனம், வெறும் ஆரஞ்சு, வெறும் சிடார் என்று ஒற்றை மணங்கள் இரண்டு மூன்று வீட்டில் இருந்தால் எந்தக் கலவையையும் அவற்றோடு இழுத்துப் பிடிக்கலாம். இரண்டு கலவைகளைத்தான் சேர்க்க வேண்டும் என்றால், அடியில் ஏதாவது ஒரு பொருள் இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

ஏற்றாமலே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு ஜாடி மூடிகளையும் கையில் விசிறிபோல் பிடித்து, முகத்திலிருந்து ஒரு அடி தள்ளி ஆட்டுங்கள். ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே நகர்த்தி விகிதத்தை மாற்றிப் பாருங்கள். இதைவிடத் துல்லியமாக வேண்டுமென்றால் திரியில்லாத மெழுகுத் துண்டுகள், வாக்ஸ் மெல்ட், வாங்குங்கள். விலை குறைவு. மின்சூடேற்றியில் சந்தனம் இரண்டு துண்டு, ஏலக்காய் ஒரு துண்டு என்று போட்டு உருக்கினால் அறையில் அந்த ஜோடி எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். பிடித்தால் பெரிய ஜாடிகள் வாங்கலாம். சந்தனமும் ஏலக்காயும், சொல்லப்போனால், ஜனவரி மாத இருட்டுக்கு நான் முதலில் சொல்லும் ஜோடி. நன்னாளுக்கு ஃபிராங்கின்சென்ஸ் என்ற குந்திரிக்கமும் ஆரஞ்சும். வெளியே பனிப்புயல் அடித்துக்கொண்டிருக்கும் இரவுக்கு விறகுப்புகை கொஞ்சமும் வெனிலா நிறையவும்.

சமையல் மணத்தோடு சேர்ந்து குமட்டுகிறது

மீன்குழம்பு வாசனையை வெனிலாவால் மறைக்க முடியாது. இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றாகும், அதைத் தாங்க முடியாது. மெழுகுவர்த்தி எந்த மணத்தையும் நீக்குவதில்லை, மேலே ஒன்றைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். தாளிப்பதற்கு முன்பே அடுப்பு மேலுள்ள விசிறியை ஓடவிடுங்கள், சமைத்து முடிந்தபின்னும் கால்மணி ஓடட்டும். அபார்ட்மென்ட்களில் பல விசிறிகள் காற்றை வெளியே தள்ளாமல் கரி வடிகட்டி வழியாக உள்ளேயே திருப்பிவிடும். அந்த வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று பாருங்கள். எதிரெதிர் ஜன்னல்களை ஐந்து நிமிடம் திறந்தால், எவ்வளவு குளிரானாலும் சுவர் ஆறிவிடாது, காற்று மட்டும் மாறும். அதற்குப் பிறகு ஏற்றுங்கள். சமைத்த நாளில் இனிப்பு வாசனைகளை ஒதுக்கி, ஆரஞ்சு, துளசி, ரோஸ்மேரி, சிடார் என்று போங்கள். பட்டை, ஏலக்காய் வாசனைகள் பிரியாணி நாளுக்கு மட்டும் ஒத்துவரும், சாம்பார் நாளுக்கு வேண்டாம்.

அடியில் கொஞ்சம் மெழுகு மிஞ்சியிருக்கிறது

அரை அங்குலம் மிஞ்சும்போது நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே எரியவிட்டால் சூடு நேராகக் கண்ணாடியின் அடியைத் தாக்கி, ஜாடி வெடிக்கலாம். ஜாடியை இரவு முழுக்க உறைபெட்டியில் வைத்தால் மெழுகு சுருங்கி, மறுநாள் வெண்ணெய்க் கத்தியால் தட்டினாலே கழன்று வரும். அந்தத் துண்டுகளையும், முன்பு கோப்பையில் வடித்துவைத்ததையும், எந்த மணம் என்று மூடியில் எழுதி டப்பாவில் போட்டு வையுங்கள். மின்சூடேற்றியில் அடுத்த ஜோடியைச் சோதிக்க அவையே போதும். ஜாடியில் ஒட்டியிருக்கும் மிச்சத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். சூடான தண்ணீர் ஊற்றி உருக்கிச் சிங்க்கில் கொட்டினால் குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும்.